பெங்களூரு மாடித்தோட்டத்தில் மாசி, பங்குனிப் பூச்சிகள்

சிவராத்திரி கழிந்ததும் பெங்களூரில் காற்று வறண்டுவிடும். விடியலில் இன்னும் குளிர் மிச்சமிருக்கும். மதியத்தில் வெயில் 33 டிகிரியைத் தொடும். கறிவேப்பிலை, எலுமிச்சை, செம்பருத்தி, மல்லிகை எல்லாம் சேர்ந்து கொழுந்து விடுவது இந்தச் சமயத்தில்தான். கொழுந்தில் சாறு அதிகம், தோல் மெல்லிசு. அதனால் அசுவினி, மாவுப்பூச்சி, இலைப்பேன் என்று சாறு உறிஞ்சும் கூட்டம் மொத்தமும் இப்போதே வந்து இறங்கும். ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ மாங்காய் மழை நன்றாக இரண்டு முறை பெய்து இலைகளைக் கழுவிவிட்டால் பாதித் தொல்லை தானாகக் குறையும். அதுவரைக்கும் உள்ள வாரங்களை எப்படிக் கடத்துவது என்பதற்குத்தான் இந்தக் குறிப்புகள்.

ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது. செடியைத் தின்னும் பூச்சி முதலில் வரும். அந்தப் பூச்சியைத் தின்னும் பூச்சி பத்துப் பதினைந்து நாள் கழித்துத்தான் வரும், ஏனென்றால் இரை பெருகிய பிறகே அது முட்டையிடும். பலரும் மருந்தடிப்பது சரியாக இந்த இடைவெளியில். அசுவினி பாதி சாகும், அப்போதுதான் வந்து சேர்ந்த பொறிவண்டுப் புழு முழுக்கச் சாகும். மிஞ்சிய அசுவினி பத்தே நாளில் பழைய அளவுக்கு வந்துவிடும். இந்த முறை அதைத் தின்ன ஆள் இருக்காது. ஆகவே எதை எப்போது அடிப்பது என்பதைவிட, எதைத் தொடாமல் விடுவது என்று தெரிந்துகொள்வதே இந்த இரண்டு மாதத்தின் பெரிய வேலை.

நடும்போதே செய்ய வேண்டியவை

மண் கலவைக்குச் செம்மண், கொக்கோபீட் (தேங்காய் நார்த்தூள்), மக்கிய உரம் மூன்றும் சம பங்கு. 5 கிலோ கொக்கோபீட் கட்டி ஊறினால் 60 லிட்டருக்கு மேல் வரும். அதை இரண்டு முறை தண்ணீர் மாற்றிப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும். உப்பு கழுவப்படாத பீட்டில் நாற்றின் நுனி கருகும், கருகிய செடியை இலைப்பேன் சீக்கிரம் பிடிக்கும். 12 அங்குலப் பைக்கு 50 கிராம் வேப்பம் பிண்ணாக்கு போதும். உள்ளூர்க் கடையில் 'பேவின ஹிண்டி' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். பிண்ணாக்கு கலந்த மண்ணை நனைத்து ஒரு வாரம் ஆறவிட்டு நடுங்கள். உடனே நட்டால் அது மக்கும் சூட்டில் இளவேர் வாடும்.

தழைச்சத்தைக் கொட்டாதீர்கள். கோழி எருவோ யூரியாவோ அதிகமானால் இலை கரும்பச்சையாக, பெரிதாக, பார்க்க அழகாக வரும். அசுவினிக்கு அதைவிட நல்ல சாப்பாடு கிடையாது. பஞ்சகவ்யம் கொடுப்பதாக இருந்தால் லிட்டருக்கு 30 மில்லி, பதினைந்து நாளுக்கு ஒரு முறை. அதற்கு மேல் வேண்டாம்.

இந்தப் பருவத்துக்கு வெண்டை, கத்தரி, கொத்தவரை, காராமணி, பாகல், பீர்க்கன், சுரை, தண்டுக்கீரை, அரைக்கீரை சரியாக வரும். முட்டைக்கோஸ், காலிஃபிளவர் இப்போது வேண்டாம். தக்காளி போட்டே ஆகவேண்டும் என்றால் ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட 'அர்கா ரக்ஷக்' நல்ல தேர்வு. இலைச்சுருட்டு வைரஸ், பாக்டீரியா வாடல், முன்பருவக் கருகல் மூன்றையும் தாங்கும்படி உருவாக்கிய வீரிய ஒட்டு ரகம் அது. அதன் பழத்திலிருந்து விதை எடுத்துப் போட்டால் அதே குணம் வராது, ஒவ்வொரு முறையும் புது விதைதான் வாங்க வேண்டும்.

காய்கறிப் பைகளுக்கு நடுவே நான்கைந்து தொட்டிகளை நல்ல பூச்சிகளுக்கென்றே ஒதுக்குங்கள். இடம் வீணாகிறது என்று நினைக்க வேண்டாம். தோட்டத்தில் அதிகம் உழைக்கும் தொட்டிகள் இவைதான். ஒன்றில் கொத்தமல்லி. வெயில் ஏறியதும் அது கீரை விடாமல் பூக்க ஓடும். பிடுங்கிப் போடாமல் பூக்க விட்டுவிடுங்கள். இன்னொன்றில் சதகுப்பை, பெங்களூரு மார்க்கெட்டில் 'சப்பசிகெ' என்று கட்டுக் கட்டாக விற்கும் அதே கீரை. இந்த இரண்டின் குடை போன்ற பூங்கொத்தில் தேன் மேலாகவே இருக்கும். வாய் குட்டையான குட்டிக் குளவிகளும் பூ ஈக்களும் குடிக்கக்கூடியது இந்த மாதிரிப் பூவில்தான். மூன்றாவதில் துளசி. நான்காவதில் காராமணியை நெருக்கமாக விதைத்து விடுங்கள். அதன் கொழுந்தில் கறுப்பு அசுவினி வந்து அப்பும், அப்பட்டும். அந்த வகை பெரும்பாலும் பயறுக் குடும்பத்தோடு நின்றுவிடும், மிளகாய்க்கும் கத்தரிக்கும் தாவாது. ஆனால் அதைத் தின்ன வரும் பொறிவண்டு எல்லாச் செடிக்கும் போகும். மிளகாயில் அசுவினி வரும் நேரத்துக்குப் பொறிவண்டுப் படை ஏற்கெனவே மாடியில் தயாராக இருக்கும். அந்தக் காராமணியில் மட்டும் எந்த மருந்தும் படக்கூடாது.

சாமந்திப்பூவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. துலுக்கச் சாமந்தி தக்காளிக் காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சியைத் தன் பக்கம் இழுத்து முட்டையிட வைக்கும் என்பது உண்மை. அதற்காகவே வயலில் 16 வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசை என்று, 45 நாள் சாமந்தி நாற்றை 25 நாள் தக்காளி நாற்றோடு நடச் சொல்வார்கள். ஆனால் பங்குனி வறட்சியில் சாறு உறிஞ்சும் செஞ்சிலந்திப்பேனுக்கும் இதே செடிதான் முதல் வீடு. வைத்தால் வாரம் இரண்டு முறை இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீரால் கழுவ முடிகிறவர்கள் மட்டும் வையுங்கள்.

இலையைத் திருப்பிப் பார்ப்பது

வாரம் இரண்டு நாள், காலை எட்டு மணிக்குள், ஒரு சுற்று. வேண்டியது மூன்றே பொருள்: பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ், ஒரு வெள்ளைத்தாள், சோப்புத் தண்ணீர் உள்ள ஒரு டம்ளர். ஒவ்வொரு செடியிலும் கொழுந்து ஒன்று, நடு இலை ஒன்று, அடி இலை ஒன்று என்று மூன்றைத் திருப்பிப் பாருங்கள். கொழுந்தில் அசுவினியும் இலைப்பேனும், நடுவில் வெள்ளை ஈயும், அடியில் சிலந்திப்பேனும் இலைச்சுரங்கப் புழுவும் இருக்கும். மேலிருந்து பார்த்துவிட்டுப் போனால் எதுவும் தெரியாது.

பார்க்கும்போது அடையாளம் தெரிய வேண்டிய நல்ல பூச்சிகள் இவை.

பொறிவண்டை எல்லோருக்கும் தெரியும். அதன் புழுவைத்தான் யாருக்கும் தெரியாது. கருஞ்சாம்பல் உடம்பில் வெள்ளை அல்லது ஆரஞ்சுத் திட்டு, ஆறு கால், குட்டி முதலை போன்ற வடிவம். அசுவினிக் கூட்டத்துக்குள் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும். பார்க்க மிரட்டலாக இருப்பதால் நசுக்கிவிடுகிறார்கள். வளர்ந்த வண்டைப் போலவே இதுவும் அசுவினியைத் தின்னும், ஓயாமல் தின்னும்.

எல்லாப் பொறிவண்டும் நல்லதல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கத்தரி இலையில் இருக்கும் 28 புள்ளி வண்டு இலை தின்னி. நம் நண்பன் வழவழவென்று பளபளக்கும்; இது மெல்லிய மயிர் படர்ந்து மங்கலாக இருக்கும். இதன் புழு மஞ்சளாக, உடம்பெல்லாம் கிளைத்த முள்ளோடு இருக்கும். இலையின் பச்சையை மட்டும் சுரண்டித் தின்று நரம்பை வலை மாதிரி விட்டுவைக்கும். இரண்டின் முட்டையும் மஞ்சள் நிறத்தில் கொத்தாக நிற்பதால் குழப்பம் வரும். கத்தரி இலைக்கு அடியில் அசுவினியே இல்லாத இடத்தில் அப்படி ஒரு கொத்து இருந்தால் அது பெரும்பாலும் இலை தின்னியுடையது. அந்த இலையைக் கிள்ளி சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.

பூ ஈ சின்னத் தேனீ போல வரி போட்டு, பூவுக்கு முன்னால் அந்தரத்தில் அசையாமல் நிற்கும். கொட்டாது. அதன் புழு காலில்லாமல், பச்சை கலந்த கண்ணாடி நிறத்தில், ஒருமுனை கூராக அசுவினிக்கு நடுவே கிடக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒரு அசுவினியை வாயால் தூக்கிப் பிடித்து உறிஞ்சிவிட்டு வெறும் தோலைத் தள்ளுவது தெரியும்.

இலையிலோ கொடிக்கம்பியிலோ மயிரிழை போன்ற காம்பின் நுனியில் ஒரு வெள்ளை முட்டை நின்றால் அது கண்ணாடி இறக்கைப் பூச்சியுடையது. துடைத்துவிடாதீர்கள். அசுவினிக் கூட்டத்தில் சில மட்டும் உப்பி, பழுப்பாகி, அசையாமல் இலையோடு ஒட்டியிருந்தால், அவற்றுக்குள் குட்டிக் குளவி முட்டையிட்டிருக்கிறது. முதுகில் வட்டமாக ஓட்டை இருந்தால் குளவி பிறந்து வெளியே போய்விட்டது என்று பொருள். ஒரு கொழுந்தில் இப்படிப் பழுப்பு அசுவினி கண்ணில் படத் தொடங்கினாலே அந்தச் செடிக்கு மருந்து தேவையில்லை. கிள்ளிக் குப்பையில் போடாமல் அப்படியே விடுங்கள்.

அசுவினி

அசுவினிக்கு ஆண் தேவையில்லை. பெண்ணே குட்டி போடும், அந்தக் குட்டி ஒரு வாரம் பத்து நாளில் தானும் குட்டி போடும். பெருக்கம் அவ்வளவு வேகமாக இருப்பதற்கு அதுதான் காரணம். முதல் சிகிச்சை தண்ணீர். ஸ்ப்ரேயர் குழாயை மெல்லிய, வேகமான தாரையாக வைத்து, கொழுந்தின் பின்னால் இன்னொரு கையைத் தாங்கலாகக் கொடுத்து, அடியிலிருந்து மேலாக அடியுங்கள். கீழே விழுந்த இறக்கையில்லாத அசுவினியில் பெரும்பாலானவை திரும்பி ஏறாது. காலையில் அடித்தால் இலை மதியத்துக்குள் காய்ந்துவிடும், பூஞ்சை வராது. ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று முறை.

இது பலிக்கவில்லை என்றால் எறும்பைப் பாருங்கள். அசுவினி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு காவல் நிற்கும், பொறிவண்டுப் புழுவைக் கடித்து விரட்டும், சில சமயம் அசுவினியைத் தூக்கிப் புதுக் கொழுந்தில் விடும். எறும்பை நிறுத்தாமல் எந்த மருந்தும் நிற்காது. தண்டைச் சுற்றி இரண்டு அங்குல அகலத்தில் காகித டேப் ஒட்டி அதன்மேல் வாசலினையோ கிரீஸையோ தடவுங்கள். நேரடியாகத் தண்டில் தடவினால் பட்டை மூச்சடைத்து வெந்துபோகும். தொட்டியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைப்பதும் உதவும், இரண்டு நாளுக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றினால். பக்கத்துச் செடியின் இலையோ சுவரோ ஒரே இடத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் போதும், எறும்பு அந்தப் பாலத்தில் வந்துவிடும். அதையும் வெட்டிவிடுங்கள்.

இலையில் கரி பூசியது போலக் கறுப்பு படிந்தால் அது நோயல்ல. அந்த இனிப்பு நீரில் வளரும் பூசணம். பூச்சி போனால் அதுவும் போகும்; ஈரத்துணியால் துடைத்துவிடலாம்.

மாவுப்பூச்சி

செம்பருத்தி, பப்பாளி, கொய்யா, கத்தரி. இந்த நான்கில் ஏதாவது ஒன்று மாடியில் இருந்தால் மாவுப்பூச்சி வந்தே தீரும். இதைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது அதன் மெழுகு. வளர்ந்த பூச்சியின் மேல் உள்ள வெள்ளைப் பொடி மெழுகுதான். தண்ணீரும் மருந்தும் அதில் ஒட்டாமல் உருண்டோடும். முட்டைப் பையும் பஞ்சு போன்ற மெழுகுக்குள், நூற்றுக்கணக்கான முட்டையோடு இருக்கும். மருந்துக்குச் சாவது மெழுகு சுரக்காத, வெளிர்மஞ்சளாக ஊரும் குஞ்சு மட்டும். அதனால்தான் ஒரு முறை அடித்து விட்டவர்களுக்கு இது போவதே இல்லை. ஆறு நாள் இடைவெளியில் மூன்று முறை வேப்பெண்ணெய் அடித்தால்தான் அடுத்தடுத்துப் பொரிக்கும் குஞ்சுகள் மாட்டும்.

அடிப்பதற்கு முன் கையால் செய்யும் வேலை முக்கியம். அதிகம் அப்பிய நுனிகளை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, பாலிதீன் பையில் கட்டி வெயிலில் இரண்டு நாள் போட்டுவிட்டுக் குப்பைக்கு அனுப்புங்கள். கம்போஸ்ட் தொட்டியில் போடாதீர்கள். கணுக்களில் இருப்பதைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து எடுங்கள். தொட்டி மண்ணை ஓரத்தில் இரண்டு அங்குலம் தோண்டிப் பாருங்கள். வேரில் வெள்ளையாக இருந்தால் மேலே எவ்வளவு அடித்தும் பயனில்லை, மண்ணை மாற்ற வேண்டும்.

இங்கேதான் பெங்களூரில் அடிக்கடி ஒரு அநியாயம் நடக்கிறது. மாவுப்பூச்சிக் கூட்டத்தில் மற்றதைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிதாக, நீள நீளமான வெள்ளை மெழுகு இழைகளோடு, சுறுசுறுப்பாக நடக்கும் ஒன்று தெரிந்தால் அது மாவுப்பூச்சியின் ராஜா அல்ல. கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு. இரையைப் போலவே வேஷம் போட்டு, அதன் முட்டையையும் குஞ்சையும் தின்று தீர்க்கும். வண்டு கறுப்பு, தலை ஆரஞ்சு. 1898-ல் காப்பிச் செடியின் செதிள் பூச்சிக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று இந்த ஊர்த் தோட்டங்களில் தானாகவே திரிகிறது. ஐயம் வந்தால் ஒரு குச்சியால் மெல்லத் தொடுங்கள். மாவுப்பூச்சி அசையாது, அசைந்தாலும் நகர்வது தெரியாது. இது ஓடும். ஓடுவது இருக்கிற செடியில் எதையும் அடிக்காதீர்கள்.

பப்பாளிக்குத் தனிக் கதை உண்டு. பப்பாளி மாவுப்பூச்சி 2008-ல் கோயம்புத்தூரில் முதலில் தெரியவந்து, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று தென்னிந்தியா முழுக்க அழித்தது. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற, கடுகைவிடச் சிறிய ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்துப் பெருக்கி விட்டது நம் ஹெப்பாளில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளப் பணியகம்தான். அதற்குப் பிறகு பூச்சி அடங்கியது. அந்தக் குளவி இன்றும் காற்றில் இருக்கிறது. பப்பாளிக்குக் கடுமையான மருந்து அடிப்பது அதைத்தான் முதலில் கொல்லும்.

மிளகாய் இலை சுருண்டால்

மேல்நோக்கிப் படகு போலச் சுருண்டால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, இலைக்காம்பு நீண்டு, இலை குறுகினால் மஞ்சள் சிலந்திப்பேன். முதலாவது பூச்சி, இரண்டாவது எட்டுக்கால் சிலந்தி இனம். மருந்து வேறு வேறு, ஆகவே சுருளின் திசையைப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள். வெள்ளைத்தாளைக் கொழுந்துக்கும் பூவுக்கும் கீழே பிடித்துத் தட்டுங்கள். நீளவாக்கில், கமா அளவில் ஓடுவது இலைப்பேன். மஞ்சள் சிலந்திப்பேன் தாளில் தெரியாத அளவு சிறியது, கொழுந்தை லென்ஸில்தான் பார்க்க வேண்டும்.

இலைப்பேனில் புதிதாக ஒரு வெளிநாட்டு வகை இந்தியாவுக்குள் வந்ததை முதலில் கண்டதும் பெங்களூரில்தான், 2015-ல், பப்பாளியில். 2021-ல் அதே வகை ஆந்திரம், தெலங்கானாவின் மிளகாய் வயல்களைக் காலி செய்தது. அது பூவுக்குள்ளேயே கூட்டமாக இருக்கும். இலை நன்றாக இருந்து பூ மட்டும் உதிர்ந்தால் பூவைப் பிரித்துப் பாருங்கள். வறட்சியில்தான் இலைப்பேன் பெருகும். தொட்டி மண்ணை இரண்டு அங்குலம் சருகு போட்டு மூடி, மாலையில் இலையின் இரு பக்கமும் தண்ணீர் தெளித்தாலே வேகம் பாதியாகக் குறையும். அதன் மேல் வேப்பெண்ணெய்.

சிலந்திப்பேனுக்கு நனையும் கந்தகம், லிட்டருக்கு 2 கிராம், வெயில் தாழ்ந்த பிறகு. இதில் இரண்டு ஆபத்து. 32 டிகிரிக்கு மேலான வெயிலில் கந்தகம் இலையைச் சுடும். வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் பட்டாலும் சுடும். எண்ணெயும் கந்தகமும் ஒரே மாதத்தில் மாற்றி மாற்றி அடித்து மிளகாயை மொட்டையாக்கியவர்கள் நிறைய. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பூசணி, வெள்ளரிக் குடும்பத்துக்குக் கந்தகமே வேண்டாம்.

வெள்ளை ஈ

சாறு உறிஞ்சுவது சின்ன நஷ்டம். வைரஸைச் சுமந்து வருவதுதான் பெரிய நஷ்டம். வெண்டையில் நரம்பு மட்டும் மஞ்சளாகி வலைபோலத் தெரிந்தால், தக்காளியில் கொழுந்து கிண்ணமாகச் சுருண்டு குட்டையானால், அந்தச் செடியைக் காப்பாற்ற மருந்து கிடையாது. அன்றே பிடுங்குங்கள். அதிலிருந்து குடித்த ஈ அடுத்த செடிக்குப் போகும்.

நாற்று முதல் 25, 30 நாளில் நோய் பிடித்தால்தான் மகசூல் முற்றிலும் போகும். அந்த நாட்களில் மட்டும் மூடி வளர்த்தால் போதும். கொசுவலை பயன்படாது, வெள்ளை ஈ ஒரு மில்லிமீட்டர் நீளம்தான், கொசுவலைக் கண்ணில் தாராளமாக நுழையும். 40 அல்லது 50 மெஷ் (அங்குலத்துக்கு அத்தனை கண்) பூச்சி வலை வேண்டும், இல்லையென்றால் பழைய மெல்லிய வேட்டி. நான்கு குச்சி நட்டு, துணி இலையில் படாமல் போர்த்தி, ஓரத்தில் மண் போட்டு அழுத்துங்கள். மஞ்சள் ஒட்டுப் பொறி 100 சதுர அடிக்கு ஒன்று, செடியின் உச்சி உயரத்தில். அது எண்ணிக்கை பார்க்கத்தான், ஒழிக்க அல்ல. பத்து மாட்டினால் பொறியைக் கூட்டாதீர்கள். குட்டிக் குளவியும் பூ ஈயும் அதே மஞ்சளில் ஒட்டிச் சாகும்.

புழுக்கள்

கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் காக்கை எச்சம் போலக் கறுப்பு வெள்ளையாக ஒட்டியிருப்பது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. வளர்ந்ததும் பச்சையாகும், தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறக் கொம்பு ஒன்றை நீட்டி நாற்றம் வீசும். கடிக்காது, கொட்டாது. ஆளுயரக் கறிவேப்பிலைக்கு நாலைந்து புழு ஒரு பொருட்டே இல்லை, விட்டுவிடுங்கள். ஓரடி நாற்றை மட்டும் அதே எண்ணிக்கை மொட்டையடித்துவிடும். அதற்குத்தான் ஓர் உபரி எலுமிச்சை நாற்றோ வில்வமோ ஓரமாக வைத்திருப்பது. புழுவை இலையோடு கிள்ளி அதில் விட்டால் இரண்டு வாரத்துக்குள் கூட்டுப்புழுவாகிவிடும். பி.டி. என்ற பாக்டீரியா மருந்து பாதுகாப்பானது என்று எல்லாவற்றுக்கும் அடிக்கிறார்கள். அது அந்துப்புழுவுக்கும் வண்ணத்துப்பூச்சிப் புழுவுக்கும் வேறுபாடு பார்க்காது.

கத்தரியில் ஒரே ஒரு நுனி மட்டும் மதியத்தில் தலை சாய்ந்து, மாலையிலும் நிமிராவிட்டால் உள்ளே தண்டுத் துளைப்பான். வாடிய இடத்துக்கு இரண்டு அங்குலம் கீழே வெட்டி, தண்டைப் பிளந்து இளஞ்சிவப்புப் புழுவைக் கொல்லுங்கள். வெட்டிய துண்டை அப்படியே போட்டால் புழு வெளியே வந்து கூடு கட்டும். இந்தப் பூச்சிக்கு மேலே தெளிக்கும் எதுவும் எட்டாது; இனக்கவர்ச்சிப் பொறி ஒன்று தொங்கவிடலாம், அதற்கென்று விற்கும் லூசினோட்ஸ் கவர்ச்சிக் குப்பியைப் பார்த்து வாங்கி, மாதம் ஒரு முறை மாற்றுங்கள்.

பாகல், பீர்க்கன் பிஞ்சு வளைந்து ஓரிடத்தில் பிசின் கசிந்தால் பழ ஈ. பிஞ்சு விரல் நீளம் வந்ததும் செய்தித்தாள் பை மாட்டி, அடியைத் திறந்து விடுங்கள். கெட்ட பிஞ்சைத் தொட்டிமேல் போடாதீர்கள், புழு மண்ணுக்குள் இறங்கித்தான் ஈயாகும்.

வேப்பெண்ணெய் கலக்கும் முறை

எண்ணெயை நேராகத் தண்ணீரில் ஊற்றினால் மேலே மிதக்கும். ஸ்ப்ரேயரில் முதலில் வெறும் தண்ணீரும் கடைசியில் சுத்த எண்ணெயும் வந்து கடைசிச் செடி கருகும். ஒரு லிட்டருக்கு வேப்பெண்ணெய் 5 மில்லி, பொட்டாசியம் சோப்போ காதி சோப்புக் கரைசலோ 2 மில்லி. அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் முதலில் சோப்பைக் கரையுங்கள். பிறகு எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பால் போல வெளுக்கும் வரை அடியுங்கள். அதன் பிறகே மீதித் தண்ணீர். மேலே எண்ணெய்ப் படலம் தெரிந்தால் சோப்பு போதவில்லை.

போர்வெல் தண்ணீரில் கலக்காதீர்கள். பெங்களூரின் பல பகுதிகளில் அது கடினநீர். சுண்ணாம்புச் சத்து சோப்போடு சேர்ந்து தயிர் திரிந்தது மாதிரி ஆகிவிடும், எண்ணெயைப் பிடிக்க சோப்பு மிஞ்சாது. இந்த ஒரு லிட்டருக்குக் காவேரித் தண்ணீரோ வடிகட்டிய தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள். துணி துவைக்கும் பவுடரும் பாத்திரம் துலக்கும் திரவமும் இலையின் மெழுகுப் பூச்சை உரித்துவிடும்.

புதுச் செடிக்கு இரண்டு இலையில் அடித்து ஒரு நாள் பாருங்கள். மாலை ஐந்தரைக்கு மேல், தேனீ கூட்டுக்குப் போன பிறகு, இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடிக்க வேண்டும்; பூவில் படக்கூடாது. கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள், மறுநாள் அதற்குப் பலமில்லை. ஏழு நாள் கழித்து அடுத்தது, மாவுப்பூச்சிக்கு மட்டும் ஆறு நாள். வேம்பு உடனே கொல்லாது. தின்பதையும் தோலுரிப்பதையும் நிறுத்தும். மறுநாள் பூச்சி உயிரோடு இருக்கிறது என்று அளவைக் கூட்டுவதால்தான் பாதிச் செடி கருகுகிறது. இமிடாகுளோப்ரிட் போன்ற ஊடுருவும் மருந்துகளைத் தோட்டத்துக்குள்ளேயே விடாதீர்கள். அது செடி முழுக்கப் பரவி மகரந்தத்திலும் தேனிலும் ஏறும்.

தண்ணீர்

2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம் தோட்டத்துக்குக் குடிநீர் விடுவதைத் தடைசெய்து 5000 ரூபாய் அபராதம் அறிவித்தது நினைவிருக்கும். அரிசி, பருப்பு, காய் கழுவிய தண்ணீரை வாளியில் சேர்த்தாலே பத்துப் பன்னிரண்டு தொட்டிகளைச் சமாளிக்கலாம். ஆர்.ஓ. கழிவுநீரில் உப்பு அதிகம். தொடர்ந்து விட்டால் இலை ஓரம் கருகும். பாதிக்குப் பாதி வேறு தண்ணீர் கலந்து, வாரம் ஒரு முறை மட்டும். சருகு மூடாக்கு போட்டால் நீர் தேவை நன்றாகக் குறையும், அடியில் சிலந்தியும் தரை வண்டும் குடியேறும். மார்ச்சில் தெருவெங்கும் கொட்டும் புங்கம்பூவைக் கூட்டி அள்ளிப் போடலாம், நல்ல மூடாக்கு.

காய் பிடிக்க வைக்கும் பூச்சிகள்

தக்காளி, கத்தரிப் பூவின் மகரந்தம் குழாய்க்குள் அடைபட்டிருக்கும். பூவை அதிர வைத்தால்தான் கொட்டும். சாதாரணத் தேனீக்கு அது தெரியாது. வயிற்றில் நீலப் பட்டை போட்ட தேனீ ஒன்று உண்டு. அது பூவைக் கட்டிப் பிடித்து இறக்கைத் தசையை ஒரே சுருதியில் அதிர வைக்கும், காதுக்கே கேட்கும். அது வராத மாடியில், காலை பத்து மணி வாக்கில் மின்சாரப் பல்துலக்கியின் முதுகைப் பூக்காம்பில் இரண்டு விநாடி வைத்தால் போதும். பாகல், பூசணி, வெள்ளரி காலையில் மலரும். சுரை, பீர்க்கன், புடல் சாயங்காலம் மலரும், அவற்றுக்கு அந்துப்பூச்சியின் உதவி பெரிது. பிஞ்சு பிடிக்காமல் மஞ்சளாகி உதிர்ந்தால் அந்தந்த நேரத்தில் ஆண்பூவைப் பறித்து, இதழை உரித்து, அடியில் குட்டிக் காய் உள்ள பெண்பூவில் தடவுங்கள். ஓர் ஆண்பூ இரண்டு மூன்று பெண்பூவுக்குக் காணும்.

நீலப்பட்டைத் தேனீ மண்ணில் வளை தோண்டும். ஒரு பெரிய தொட்டியில் செம்மண்ணை இறுக அடித்து, தண்ணீர் விடாமல், மழை படாத ஓரத்தில் சும்மா வைத்துவிடுங்கள். ரோஜா இலை ஓரத்தில் காசு வைத்து வெட்டியது போல அரைவட்டம் இருந்தால் அது இலைவெட்டித் தேனீயின் வேலை. கூட்டுக்குத் திரை எடுத்துப் போயிருக்கிறது, செடிக்குத் தீங்கில்லை. அதற்கு 6 முதல் 8 மில்லிமீட்டர் துளை உள்ள நாணல் அல்லது மூங்கில் குழல்களை 15 சென்டிமீட்டர் நீளத்தில், ஒருபக்கம் கணு மூடியபடி வெட்டி, இருபதைக் கட்டாகக் கட்டி, காலை வெயில் படும் கிழக்குப் பக்கம் ஆடாமல் மாட்டுங்கள். வாய் மண்ணாலோ இலையாலோ அடைபட்டிருந்தால் உள்ளே குஞ்சு இருக்கிறது. வருடம் ஒரு முறை, காலியான குழல்களை மட்டும் மாற்றுங்கள். தட்டையான தட்டில் கூழாங்கல் போட்டு, கல் முழுகாத அளவு தண்ணீர் வைத்தால் தேனீ இறங்கிக் குடிக்கும். கொசு வைக்காமல் இருக்க ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்ற வேண்டும்.

இதே மாதங்களில் அடுக்குமாடிகளின் உச்சியில் மலைத்தேனீ பெரிய அடை கட்டும். சங்கத்தார் உடனே பூச்சிமருந்துக்காரரை அழைத்துவிடுகிறார்கள். பூ முடிந்ததும் அந்தக் கூட்டம் தானாகக் கிளம்பிப் போய்விடும். வழியில் இல்லாத அடையை விட்டுவிட்டு, அந்தப் பக்கத்து விளக்குகளை இரவில் அணைத்து, குழந்தைகள் கல்லெறியாமல் பார்த்துக்கொண்டால் போதும். வாசலுக்கு நேர் மேலே இருந்து அகற்றியே ஆகவேண்டும் என்றால், கொல்லாமல் இடம் மாற்றுபவர்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களைத் தேடி அழையுங்கள்.